வாட்டிய இலையும் வளையாத பலகையும்

கட்டுச்சோறு கட்டிப் பழகிய கை, பச்சை வாழையிலையை அப்படியே மடிக்காது. மடித்தால் நரம்பை ஒட்டி நீளக் கிழிந்துவிடும். முதலில் அடுப்பனலில் இலையைக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும். வெளிர்ப்பச்சை கரும்பச்சையாகும், மேல்மெழுகு இளகிப் பளபளக்கும், விறைப்பு அடங்கி இலை தொய்யும். அதற்குப் பிறகு எப்படி மடித்தாலும் கேட்கும். அனல் குறைந்தால் கிழியும், கூடினால் கருகும். இதைச் சொல்லிக்கொடுக்க எந்த வீட்டிலும் தெர்மாமீட்டர் இருந்ததில்லை.

மரத்தில் பழைய பாய்மரக் கப்பல்களின் மாதிரி செய்கிறவர்களின் மேசையிலும் பாதி நாள் நடப்பது இதுதான். முடிந்த மாதிரியைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் கயிறுகளுக்குத்தான் போகும். ‘இத்தனை நூலை எப்படித்தான் கட்டினீர்களோ!’ என்பார்கள். கயிறு கட்டுவது பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் பழகினால் வந்துவிடும். மாதிரி நன்றாக வந்ததா, வரவில்லையா என்பது அதற்கு வெகு முன்பே, கப்பலின் வயிற்றுக்குப் பலகை போர்த்தும்போதே தீர்ந்துவிடுகிறது. அங்கே வளைக்கும் திறமை பாதிகூட இல்லை. எங்கே எவ்வளவு வெட்டிக் கழிப்பது என்று தெரிவதுதான் வித்தை. இலைப் பொதி கட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு பேசினால் சுலபம். இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’, பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் கட்டிய போர்க்கப்பல். 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு; மலபார்த் தேக்கு இங்கே கிடைத்தது. ‘விக்டரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதைவிட மூத்தது, 1765இல் நீரில் இறங்கியது. ஆனால் அது 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதக்கிறது. மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது. தேக்கின் புண்ணியம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

டிரிங்கோமலியின் உருவம் பம்பாயிலும் பிறக்கவில்லை, இங்கிலாந்திலும் பிறக்கவில்லை. பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பாளர் சானே வரைந்த ‘ஏபே’ என்ற கப்பலை 1782இல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அதன் உடற்கோடுகளை அளந்து, அதே சாயலில் வரிசையாகப் பல கப்பல்கள் கட்டினார்கள். டிரிங்கோமலி அந்த வரிசையில் வந்தது. இதற்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ தோற்கடித்து அழித்தது. மறுபடி ஒரு பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. காகிதம் வராமல் தச்சர்கள் கை வைக்கவில்லை. மாதிரி செய்கிறவருக்கும் அதே கதி: முதலில் வரைபடம்.

வரைபடத்தில் மூன்று பார்வைகள் இருக்கும். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம்: கப்பலைக் குறுக்கே துண்டு துண்டாக அரிந்தால் ஒவ்வொரு வெட்டும் என்ன வடிவத்தில் இருக்கும் என்று காட்டும் படம். அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளைவுட்டில் அறுத்து, நடுவில் நீளவாக்கில் ஓடும் ஒரு முதுகெலும்புப் பலகையில் வரிசையாகச் செருகினால் எலும்புக்கூடு தயார். கிட் வாங்கிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். இன்னும் கண்டிப்பானவர்கள் உண்மைக் கப்பலில் இருப்பதுபோலவே அடியில் ஏரா என்ற நீள அடிமரத்தை வைத்து, வங்கு என்ற விலா ஒவ்வொன்றையும் பல துண்டுகளாகச் செதுக்கி ஒட்டி, நெருக்கமாக நிறுத்துகிறார்கள். ஒரு வங்குக்கே நாள்கணக்கில் ஆகும். எந்த வழியில் போனாலும் மேலே பலகை போர்த்துகிற பிரச்சினை ஒன்றுதான்.

அளவு 1:64 என்று வைத்துக்கொள்வோம். டிரிங்கோமலியின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். மாதிரியில் அது 71 சென்டிமீட்டர். ஐந்தரை அடி மாலுமி இரண்டரை சென்டிமீட்டரில் நிற்பார். 10 அங்குல அகலப் பலகை 4 மில்லிமீட்டர் ஆகும், 4 அங்குலத் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். கையில் எடுத்தால் ஐஸ் குச்சியைவிட ஒல்லியான நீளப் பட்டை. அதை வளைப்பதில் என்ன சிரமம் என்றுதான் தோன்றும்.

அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்பக்கத்துக்கு, வாருங்கள். பாய்மரப் போர்க்கப்பலின் மூக்கு கத்திமுனையாக இருக்காது. மேலே உருண்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகப் போகத்தான் கூராகும். பக்கவாட்டில் நேராக ஓடிவரும் பலகை, கடைசிச் சில சென்டிமீட்டரில் திடீரென்று திரும்பி முன்கம்பத்தில் முட்ட வேண்டும். வாட்டாத பலகையை அங்கே அழுத்தினால் இலை கிழிவதுபோலவே உடையும், அதுவும் இழை ஓடும் வழியில். அதனால்தான் பட்டைகளை வாங்கியதும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை நுனிமுதல் நுனிவரை இணையாக ஓடுகிறதா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். இழை பாதியில் பக்கவாட்டாக வெளியேறும் பட்டை தளத்துக்கு ஆகும், அணியத்துக்கு ஆகாது. ஓரம் கிழிந்த இலையைப் பொதிக்கு எடுக்காமல் துண்டாக்கித் தட்டில் போடுவோமே, அப்படி.

இப்போது வாட்டல். பட்டையைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சூடான உலோகத்தின் மேல் மெல்ல அழுத்தி இழுக்கிறார்கள். இதற்கென்றே விற்கும் சூட்டுக்கோல் உண்டு. இஸ்திரிப்பெட்டியின் முனையையும் ஹேர் டிரையரையும் வைத்துச் சமாளிக்கிறவர்கள்தான் அதிகம். உள்ளே நடப்பது இது: மரத்தின் வலு செல்லுலோஸ் இழைகளில் இருக்கிறது, அவற்றைப் பசைபோல் பிடித்து வைத்திருப்பது லிக்னின். காய்ந்த மரத்தில் லிக்னினை இளக்க நூறு டிகிரிக்கு வெகு மேலே போக வேண்டும். தண்ணீர் ஊறிய மரத்தில் நூறுக்குக் கீழேயே அது இளகத் தொடங்கிவிடும். அதனால் சூடு மட்டும் போதாது, ஈரம் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். இளகிய நிலையில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே நழுவி இடம் மாறும். ஆறினால் லிக்னின் மறுபடி இறுகி, இழைகளைப் புதிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இந்த ஒரு இடத்தில் இலை நம்மைக் கைவிடுகிறது. வாழையிலை தொய்வதற்குக் காரணம் லிக்னின் அல்ல. அனலில் செல்கள் சிதைந்து, உள்ளே நிரம்பி நின்ற நீரின் அழுத்தம் போய்விடுகிறது. அது ஆறினாலும் மறுபடி விறைக்காது. பலகை விறைக்கும், அதுவும் நாம் வளைத்துப் பிடித்த வடிவத்திலேயே. பொதிக்கு வாழைநார்க் கட்டு கடைசிவரை வேண்டும். பலகைக்குக் கிளிப் ஒரு இரவு இருந்தால் போதும். காய்ந்த பிறகு கழற்றினால் வளைவு கொஞ்சம் விரியும். அதற்காகத்தான் தேவைக்கு மேல் கால் பங்கு கூடுதலாக வளைத்து வைப்பது.

எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. வளைந்த பலகையின் வெளிமுகம் நீள வேண்டும், உள்முகம் சுருங்க வேண்டும். நன்றாக ஆவி ஏறிய மரம் அமுக்கத்தைத் தாராளமாகத் தாங்கும். நீளத்தில் கால் பங்குவரைகூடச் சுருக்கலாம். இழுத்தாலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தாங்காது. அதனால் முதலில் விடுவது வெளிமுகம்தான். பலகைத் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வெளிமுகம் எவ்வளவு நீள்கிறது என்று வந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர்ப் பலகையை 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் நூற்றுக்கு ஒன்றரை. அபாய எல்லைக்குள் வந்தாயிற்று. தடிமனைப் பாதியாக்கினால் நீட்சியும் பாதியாகும். பல கிட்களில் இரண்டு அடுக்குப் பலகை கொடுப்பதன் சூட்சுமம் இதில் ஒரு பங்கு: முதல் அடுக்கு மலிவான மெத்தென்ற மரம், வடிவத்துக்கு, அதன் மேடுபள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்த பிறகு, கண்ணுக்காக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இரண்டாவது அடுக்கு. இதை ஏமாற்று வேலை என்று சொல்லும் தூய்மைவாதிகள் உண்டு. தரையில் பாய் விரித்த பிறகு சிமெண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் கட்சி.

வாட்டத் தெரிந்துவிட்டால் பலகை போர்த்திவிடலாம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் ஐந்தாறு பலகைகளுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் வடிவக் கணிதம்.

செங்கல் அளவுக்குச் சோற்றை அமுக்கி இலையில் வைத்துக் கட்டிப் பாருங்கள். சிக்கலே இல்லை, தட்டையான இலை நாலு பக்கமும் மடிந்து படிந்துவிடும். அதே சோற்றை உருண்டையாகப் பிடித்து மையத்தில் வைத்துக் கட்டுங்கள். சுற்றிலும் இலை மிஞ்சும். மிஞ்சிய இலை எங்கே போவதென்று தெரியாமல் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து, மேலே ஒரு கொத்தாக நிற்கும். அதை நாரால் இறுக்கிக் கட்டிவிடுகிறோம், யாருக்கும் கவலையில்லை. கப்பலின் நடுப்பகுதி செங்கல் பக்கம், அணியமும், பின்பக்கமான அமரமும் உருண்டைப் பக்கம். பலகையால் கொத்தாகச் சேர முடியாது. மிஞ்சுவதை முன்கூட்டியே வெட்டி எடுத்தால்தான் உண்டு.

எவ்வளவு மிஞ்சும்? ஒரு காகிதப் பட்டையை எடுத்து, கப்பலின் நடுவில் மேலிருந்து ஏராவரை வயிற்றின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும். உதாரணத்துக்கு 120 மில்லிமீட்டர் வருகிறது என்போம். 5 மில்லிமீட்டர்ப் பலகை 24 வரிசை. இப்போது அதே பட்டையை அணியத்தின் ஓரத்தில் வைத்தால் 72 மில்லிமீட்டர்தான் வருகிறது. அங்கேயும் அதே 24 வரிசை போய்ச் சேர வேண்டும். ஆக ஒவ்வொரு பலகையும் நடுவில் 5 மில்லிமீட்டர், மூக்கில் 3 மில்லிமீட்டர். இந்த அளவை ஒவ்வொரு வங்கிலும் எடுத்து, அங்கங்கே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டால், எந்தப் பலகை எங்கே எவ்வளவு ஒல்லியாக வேண்டும் என்பது ஒரு பலகையும் ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்த வேலை சலிப்பானது. பொறுக்காமல் நேராகப் பலகையை ஒட்ட ஆரம்பிப்பவர்களின் மாதிரியில் மூக்கருகே பலகைகள் ஊசிமுனையாக ஒடுங்கிக் காணாமல் போவதைப் பார்க்கலாம். பழைய தச்சர்கள் அப்படி விட மாட்டார்கள். ஊசிமுனையில் ஆணி நிற்காது, தண்ணீர் நிற்கும். அகலம் பாதிக்குக் கீழே போகும் நிலை வந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கி ஒரே பலகையாகத் தொடர்ந்துவிடுவார்கள்.

அமரத்தில் நேர்மாறு. அங்கே கப்பலின் உடல் கீழே ஒடுங்கி, சுக்கானுக்கு மேலே விரிகிறது. அளந்தால் 120க்கு மேலேகூட வரலாம். பலகைகளை அகலப்படுத்த முடியாதாகையால், இடையில் முக்கோணமாகத் துண்டுப் பலகைகள் செருகப்படுகின்றன. இலை போதாதபோது ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு துண்டு இலையை அடிவைத்துக் கட்டுவது மாதிரிதான்.

ஒல்லியாக்கி ஆயிற்று. இன்னும் ஒரு வில்லங்கம் பாக்கி. பலகை தட்டையாக வளையும். விளிம்பு வாக்கில் வளையாது. 5க்கு 1.5 பட்டையை விளிம்பு வாக்கில் வளைப்பது தட்டையாக வளைப்பதைவிடப் பதினோரு மடங்கு கடினம். ஆனால் கப்பலின் உடல் இரண்டு திசையிலும் வளைகிறது. அதனால் அணியத்தில் ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையோடு சேர்வதற்காகப் பக்கவாட்டிலும் சற்றே நெளிய வேண்டியிருக்கிறது. பலவந்தமாகத் தள்ளினால் ஒரு விளிம்பு வங்கைவிட்டுத் தூக்கிக்கொள்ளும்; பொதியின் ஓரத்தில் இலை உப்பி நிற்பதுபோல. எத்தனை கிளிப் போட்டாலும் அது அடங்காது. அடங்கியதுபோல் காட்டிவிட்டு, பசை காய்ந்து மூன்றாம் மாதம் கிளம்பும்.

இதற்கு நேர்மையான தீர்வு, பலகையை வளைக்காமலே வளைந்த பலகையாக வெட்டி எடுப்பது. ஏற்கனவே ஒட்டிய பலகையின் விளிம்பைக் காகிதத்தில் அச்செடுத்து, அந்த வளைவை அகலமான மரத் தகட்டில் வரைந்து, அறுத்து, இழைத்துப் பொருத்துவது. பிரித்து மேசையில் வைத்தால் அந்தப் பலகை வாழைப்பழத் தோல்போல வில்லாக வளைந்து கிடக்கும். கப்பலில் வைத்தால் நேராக ஓடுவதாகக் கண் நம்பும். உண்மைக் கப்பலின் தச்சர்களும் இப்படித்தான் செய்தார்கள். நான்கு அங்குலத் தடிமனான மரத்தை யாரும் பக்கவாட்டில் நெளித்திருக்க முடியாது. மரம் நிறைய வீணாகும். கிட்டில் வரும் நேர்ப்பட்டைகள் இதற்கு உதவா. இன்னொரு வழி, நேர்ப்பட்டையையே மேசையில் கிளிப்பால் மாட்டி விளிம்பு வாக்கில் சற்றே இழுத்து, ஹேர் டிரையரால் சூடேற்றி ஆறவிடுவது. சின்ன நெளிவுக்கு இது போதும். பெரிய நெளிவுக்கு அறுப்பதே வழி.

மரம் எது என்று கேட்டால் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேக்கில் கட்டிய டிரிங்கோமலியின் மாதிரியைத் தேக்கில் செய்யக்கூடாது. தேக்கின் துளைகள் கண்ணுக்கே தெரியும். 1:64இல் அந்த ஒவ்வொரு துளையும் மாலுமியின் விரலே நுழையும் பள்ளமாகத் தோன்றும். போதாதற்கு அதன் எண்ணெய் பசையை ஒட்டவிடாது. அதிலுள்ள சிலிக்கா உளியின் கூரைத் தின்றுவிடும். இரண்டு நூற்றாண்டு கடலில் தாங்கவைத்த குணங்களெல்லாம் மேசைமேல் தொல்லை. அதனால் துளை தெரியாத, நெருக்கமான இழையுள்ள பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் தான் நல்ல மாதிரிகளுக்கு. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்துக்காக 1:48 அளவில் செய்யப்பட்ட மாதிரிகளிலும் இந்த மரங்களைப் பார்க்கலாம். லண்டனின் கிரீனிச் அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவின் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் அவை இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கீழ்வயிற்றில் பலகையே போர்த்தவில்லை. வங்குகள் வெறுமையாகத் தெரிகின்றன. சோறு தெரியும்படி இலையைத் திறந்து வைத்ததுபோல.

பலகையைப் பிடிக்கும் ஆணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கப்பல்களில் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மர ஆணிகள். மாதிரியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அதற்கு மூங்கில்தான். சீவிய மூங்கில் ஈர்க்கை, பொற்கொல்லர் தங்கக் கம்பி இழுக்கும் கம்பியச்சைப் போன்ற துளைத் தகட்டில், பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு வரிசையாக இழுத்து மெலியவைக்கிறார்கள். நிறைய மாதிரிகளில் இந்த ஆணித்தலைகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, கப்பலுக்கு அம்மை போட்டதுபோல ஆக்கிவிடுகிறார்கள். இருபது அடி தள்ளி நின்று உண்மைக் கப்பலைப் பார்த்தால் அந்த ஆணி தெரியாது, மாதிரியிலும் தெரியக்கூடாது.

இவ்வளவும் செய்து முடித்தபின், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எல்லாவற்றையும் செப்புத் தகடு மூடிவிடலாம். புழு அரிக்காமல் இருக்க அக்காலக் கப்பல்களின் அடிவயிற்றில் 4 அடிக்கு 14 அங்குலத் தகடுகளை வரிசையாக அடித்தார்கள். மாதிரியில் அது 19 மில்லிமீட்டருக்கு ஐந்தரை. பின்பக்கம் பசையுள்ள செப்பு நாடாவைத் துண்டு போட்டு ஒட்டினால் ஆயிற்று. செப்புதான் மறைத்துவிடுமே என்று பலகையில் அசட்டையாக இருந்தவர்களை இந்த இடம் காட்டிக்கொடுக்கும். மரம் விழுங்கிக்கொள்ளும் மேடுபள்ளத்தைப் பளபளக்கும் உலோகம் வெளிச்சத்தில் அப்படியே காட்டும்.

கயிறுகளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பட்டியல்களில் கயிற்றின் கனம் சுற்றளவில் எழுதப்பட்டிருக்கும், விட்டத்தில் அல்ல. ‘9 அங்குலக் கயிறு’ என்றால் அதன் விட்டம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு, 1:64இல் 1.1 மில்லிமீட்டர். இதைக் கவனிக்காமல் கட்டிய கப்பல்களில் பாய்மரத்தைத் தேர்வடம் போட்டு இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும்.

முதல் மாதிரியாக டிரிங்கோமலி போன்ற ஃபிரிகேட் போர்க்கப்பலை எடுக்க வேண்டாம். கிட்டின் அட்டைப்பெட்டிப் படம் ஆசை காட்டும். பாதிக்கு மேல் பெட்டிகள் முதல் அடுக்குப் பலகையோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன என்பது என் சந்தேகம். போர்க்கப்பல்கள் தங்களோடு எடுத்துச் சென்ற நீளப்படகு ஒன்றைச் செய்யலாம். 26 அடிப் படகு 1:24 அளவில் 33 சென்டிமீட்டர்தான். பலகைகள் கொஞ்சம், பீரங்கி கிடையாது, கயிறு சொற்பம். ஆனால் அணியமும் அமரமும் அதிலும் உண்டு. வாட்டலும் அளவெடுப்பும் விளிம்பு நெளிவும் எல்லாம் அதிலேயே வந்துவிடும். உடனடிப் பசையை எடுக்காமல் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பலகை கோணலாகிவிட்டால் அதன்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிச் சற்று நேரம் விட்டால் பசை இளகும். மெல்லிய கத்தியைச் செருகிப் பலகையை முழுதாகக் கழற்றிவிடலாம்.